நாமும் நாங்களும்

ஓடி வருகிற ஒருவனுக்காகப் படகை நிறுத்தி வைக்கலாமா, கூடாதா? இப்படிக் கேட்டால் பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்பு மாதிரி இருக்கிறது. நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். நிறுத்தலாம் என்றவர்கள் உடனே சொன்னார்கள். கூடாது என்றவர்களும் உடனே சொன்னார்கள். இரு தரப்பாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒருவர் மட்டும், "நீர் எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர், படகிலா, கரையிலா?" என்று திருப்பிக் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

படகு என்று நான் சொல்வது உவமை இல்லை. ஹௌராவில் ஆற்றைக் கடக்கும் லாஞ்சு. அதில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் தெரியாமல் காரியம் புரியாது.

*

நம்மவர்களுக்கு ஹௌரா என்பது ஒரு ரயிலின் பெயர். சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயில் ஏறுகிறவன் கல்கத்தா போவதாகத்தான் சொல்லிக்கொள்கிறான். இறங்கிய பிறகுதான் ஸ்டேஷன் கல்கத்தாவில் இல்லை என்பது தெரிகிறது. ஸ்டேஷன் இக்கரையில், ஊர் அக்கரையில், நடுவில் ஹூக்ளி. பூகோளத்தின் இந்த ஒரு அசௌகரியத்திலிருந்துதான் அங்கே உள்ள எல்லாமே உண்டாகியிருக்கிறது.

1854 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஹௌராவிலிருந்து ஹூக்ளி என்ற ஊருக்கு முதல் ரயில் போனபோது ஆற்றின்மேல் பாலம் கிடையாது. கல்கத்தாக்காரன் அக்கரையில் ஆர்மீனியன் படித்துறையில் ரயில் டிக்கட் வாங்கிக்கொண்டு, ரயில் கம்பெனியின் நீராவிப் படகில் ஆற்றைத் தாண்டி வந்து வண்டி ஏறினான். படகுக் கூலி ரயில் கட்டணத்திலேயே அடக்கம். ரயில் பிரயாணம் தண்ணீரில் ஆரம்பித்தது என்று சொல்லலாம். 1874ல் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற இன்ஜினீயர் கட்டிய மிதவைப் பாலம் வந்தது. கப்பல்கள் போவதற்காக அதன் நடுப்பகுதியை இருநூறு அடி அகலத்துக்குக் கழற்றித் திறப்பார்கள். திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தவன் கப்பல் போய் முடியும்வரை நிற்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் படகு தேட வேண்டியதுதான். இப்போதுள்ள பெரிய பாலம் 1943 பிப்ரவரியில், யுத்த காலத்தில், விழா எதுவும் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. நடுவில் தூண் இல்லாமல் 1500 அடி தாண்டி நிற்கிறது. 1965ல் அதற்குத் தாகூரின் பெயரை வைத்தார்கள். ஜனங்கள் இன்றும் ஹௌரா பாலம் என்றுதான் சொல்கிறார்கள்.

பாலம் வந்தும் படகு போய்விடவில்லை. பாபுகாட், ஃபேர்லி பிளேஸ், ஆர்மீனியன் காட், ஷோபாபஜார், பாக்பஜார் என்று அக்கரைத் துறைகளுக்கெல்லாம் லாஞ்சுகள் போய் வருகின்றன. இறங்கிச் சில நிமிஷம் நடந்தால் பஸ் நிற்குமிடம். அதைத் தாண்டினால் ஹால்ஸி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த, 1905லிருந்து நிற்கும் சிவப்பு ஸ்டேஷன். ஆற்றிலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து தண்டவாளத்துக்கு ஜனங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஹௌராவில் யாரும் ஓடி வராத ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

*

மூன்று வாகனங்கள் சந்திக்கிற இடம் என்று இதைச் சொல்வது வழக்கம். மூன்று காலங்கள் சந்திக்கிற இடம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

ரயிலுக்குக் காலம் கடிகாரத்திலிருந்து வருகிறது. அந்தக் கடிகாரத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் இந்தியா முழுவதும் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்த நேரம்தான் ஹௌரா ஸ்டேஷனிலும். அக்கரையில் கல்கத்தா தன் சொந்த நேரத்தை வைத்துக்கொண்டிருந்தது. அது மதராஸ் நேரத்தைவிட சுமார் 32 நிமிஷம் முன்னால் போவது. ஆற்றைக் கடந்தவன் அரை மணியையும் கடந்தான். ஊரிலிருந்து ரயிலுக்குப் போகிறவன் இந்த வித்தியாசத்தை மறந்தால் நஷ்டமில்லை. அரைமணி முன்னால் வந்து உட்கார்ந்திருப்பான். ரயிலிலிருந்து ஊருக்குள் ஆபீஸ் போகிறவன் மறந்தால் தாமதக்காரன் ஆனான். மறதி ஒன்றுதான். பலன் அவன் எந்தத் திசையில் போகிறான் என்பதைப் பொறுத்தது. 1906ல் இந்தியப் பொது நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரை தன் நேரத்தை விடவில்லை.

பஸ்ஸுக்குக் காலம் முகங்களிலிருந்து வருகிறது. கல்கத்தாவின் தனியார் பஸ்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வசூலில் பங்கு உண்டு. ஆகவே பஸ் நிறைகிறவரை ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் அதே வழியில் இன்னொரு பஸ் தெரிந்ததும் பேய் மாதிரிப் பறக்கும். அந்தப் பறப்பிலும் கண்டக்டர் பலகையைத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ், கோலே பாச்சா" என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். மெதுவாக, பெண் பிள்ளை இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை என்று அர்த்தம். இந்த மூன்று துண்டு வார்த்தைகளில் ஒரு தர்மசாஸ்திரம் இருக்கிறது. வருகிறவர் யார் என்று பார்த்து அதற்கேற்ப நடந்துகொள் என்கிறது அது. அதனாலேயே அந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகம் பார்த்து நடக்கிற ஒருவன் வராத முகங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ரயில் ஒரு முகத்தையும் பார்ப்பதில்லை. கொள்கையளவிலாவது எல்லோருக்கும் ஒரே வாக்குக் கொடுக்கிறது.

படகு இந்த இரண்டுக்கும் நடுவில். அதற்கும் நேரப்பட்டியல் உண்டு. ஆனால் ஆறு சந்திரனுக்குக் கட்டுப்பட்டது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருந்தும், நாளுக்கு இரண்டு தரம் ஹூக்ளி ஏறி இறங்குகிறது. துறையின் மிதவை அதோடு ஏறி இறங்கும். கரையிலிருந்து மிதவைக்குப் போகிற இரும்புப் பாலம் ஏற்றத்தில் தட்டையாகக் கிடக்கும்; வற்றத்தில் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். வாலிபனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கிழவனுக்கு, அவன் எந்த லாஞ்சைப் பிடிக்கிறான் என்பதை அன்றைய திதி தீர்மானிக்கிறது.

*

2012 டிசம்பரில் ஒரு சாயங்காலம். உத்யோக நிமித்தம் சில வருஷங்கள் அங்கே இருந்தேன். லீவில் ஊருக்குக் கிளம்பியிருந்தேன். தெற்கே போகும் என் வண்டிக்கு அரை மணிக்கும் குறைவாகவே இருந்தது. அக்கரைத் துறை ஒன்றில், கையில் இரண்டு பைகளோடு லாஞ்சில் நின்றுகொண்டிருந்தேன். வற்றம். கயிறு பிடிக்கிறவர் கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றியாகிவிட்டது. ஒரு கால் மிதவையில், ஒரு கால் லாஞ்சில். அப்போது மேலே ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். கிழவர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு அடியாக இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு கையில் மூட்டையும், உயர்த்திய இன்னொரு கையுமாக அவருக்கு முன்னால் வந்தாள். அவள் கூப்பிடவில்லை, கையை மட்டும் உயர்த்தியிருந்தாள்.

கயிற்றுக்காரர் அவர்களைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார்.

ஒரு காலேஜ்ப் பையன், "தாடான், தாடான்" என்று நிற்கச் சொன்னான். நான், எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில், கிளம்பு கிளம்பு, ஹம் லோகோங்கோ ட்ரெயின் பிடிக்க வேண்டும் என்று கத்தினேன். என் சத்தம் அவன் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. என்னைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் கத்தினார்கள். கயிற்றுக்காரர் உள்ளே குதித்தார். லாஞ்சு விலகியது. அந்தப் பெண் கையை இறக்கினாள். கிழவருக்கு நாங்கள் போய்விட்டது தெரியவில்லை. கீழே பார்த்தபடி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தார்.

ஹௌராத் துறையில் இறங்கியதும், அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்றைப் பார்த்தேன். லாஞ்சிலிருந்தவர்களில் பெரும்பாலோர் சாவகாசமாக நடந்தார்கள். பலர் பஸ்ஸுக்குப் போனார்கள். ஒருவர் நின்று டீ வாங்கினார். ரயிலுக்கு ஓடினவன் நான் ஒருவன்தான்.

ஸ்டேஷனில், என் வண்டி இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

*

தமிழில் பிறந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி, ஒரு சங்கடம், இரண்டும் உண்டு. ஹிந்தியின் 'ஹம்' எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். வங்காளியின் 'ஆம்ரா'வும் அப்படியே. நம் பாஷையில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்தா, ஒதுக்கியா என்பதை முடிவு செய்யாமல் நம்மால் வாயைத் திறக்க முடியாது. அன்று நான் தமிழில் கத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கயிற்றுக்காரரைப் பார்த்து 'நாங்கள் ரயில் பிடிக்க வேண்டும்' என்றிருப்பேனா? அப்படியானால் மற்றப் பிரயாணிகளின் சம்மதத்தை நான் திருடியிருக்கிறேன். அவர்களுக்கு ரயிலே இல்லை. 'நாம்' என்றிருந்தால், படகிலுள்ள எல்லோரையும் சேர்த்து, சாய்வுப் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை மட்டும் விட்டிருப்பேன். எப்படிச் சொன்னாலும் அந்த வார்த்தைக்குள் இருந்தது 'நான்' ஒன்றுதான். வேற்று பாஷையின் மொத்தப் பன்மை எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது.

இன்னும் மோசமான விஷயம், மூன்று நிமிஷத்துக்கு முன்னால் அதே பாலத்தில் நானும் கையை உயர்த்திக்கொண்டுதான் இறங்கி வந்தேன். அப்போது என் மனசில் இருந்த 'நாம்' மிக விசாலமானது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லாஞ்சுக்குள் கால் வைத்ததும் 'நாம்' 'நாங்கள்' ஆகிவிட்டது. இதற்கு நான் ஒன்றும் பெரிய அயோக்கியனாக இருக்க வேண்டியதில்லை. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "உள்ளே போங்களேன்" என்று கத்துகிறவன், உள்ளே போனதும் "எங்கே சார் இடம்?" என்கிறான். ரிசர்வ் பண்ணாமல் பெட்டியில் ஏறி உட்கார இடம் கிடைத்தவன், அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவனை விரோதியாகப் பார்க்கிறான். அகதியாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அடுத்த அகதிகளைப் பார்க்கிற பார்வையும் இதுதான். வெளியூர் உதாரணம் எதற்கு? நம் சிறுபத்திரிகை வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாசல் அடைத்திருக்கிறது, பெரிய பத்திரிகைக்காரன் உள்ளே விடமாட்டேனென்கிறான் என்று கத்தித்தான் நாம் ஒவ்வொருவரும் வந்தோம். இன்றைக்குப் புதிதாக ஒரு பையன் கவிதையைக் கொண்டுவந்து நீட்டினால் நமக்கு உடனே தரம் ஞாபகம் வருகிறது. தரம் என்பது பொய்யில்லை, என் ரயில் பொய்யில்லாத மாதிரியே. ஆனால் தரத்தைப் பற்றி நாம் உரக்கப் பேசுவது எப்போது என்று கவனித்தால், கயிறு யார் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

*

நண்பர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, நீர் செய்ததில் தப்பே இல்லை என்றார். நூறு பேர் இருக்கிற படகை இரண்டு பேருக்காக நிறுத்துவது தயை அல்ல, அடுத்தவன் பணத்தில் தர்மம் பண்ணுவது என்றார். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளத் தயாராக இல்லை. முன்னால் சொன்னேன், ஹௌராவின் துறைகளில் எப்போதும் யாராவது ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று. காண்டின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஓடி வரும் ஒவ்வொருவருக்கும் காத்திருப்பது என்பதைப் பொது விதியாக்க முடியாது. படகு கிளம்பாது. அந்தக் கிழவருக்காகக் காத்திருந்தால், அவருக்குப் பின்னால் பாலத்தின் தலைப்பில் தோன்றும் அடுத்த ஆளை எந்த நியாயத்தில் விடுவது? எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைக் கடிகாரத்திடம் விட்டுவிட்டால், வெட்டுப்பட்டவனுக்கு யார்மேலும் கோபம் கொள்ளக் காரணம் இல்லை. இதுவும் ஒரு மரியாதை. முகம் பார்த்து நிறுத்துகிற பஸ், பார்க்கச் சகிக்காத முகத்துக்கு நிற்காமல் போவதையும் கண்டிருக்கிறேன்.

கடிகாரம் வேண்டியதாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிராமத்துப் பரிசல்காரன் ஒரு கிழவரை விட்டுவிட்டுப் போனால், மறுநாள் சந்தையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அவன் தர்மத்தின் பெரும்பகுதி இந்த மறுநாளிலிருந்து வருகிறது. ஹௌராவில் மறுநாள் கிடையாது. அந்த இருவருக்கும் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. கால்மணி கழித்து அடுத்த லாஞ்சில் சௌகரியமாக வந்திருக்கலாம். ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி நேரம், ஏதோ ஒரு கடைசிப் பார்வை தவறிப்போயிருக்கலாம். மறுபடி சந்திக்காதவர்கள் ஒருவருக்கொருவர் நியாயமாக நடந்துகொள்வதற்கு மனிதன் கண்டுபிடித்த சாதனம் நேரப்பட்டியல். இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. நேரப்பட்டியலை இயந்திர நாகரிகத்தின் கொடுமை என்று எழுதுகிறவர்கள் அதை நம்பி ஒரு தரமாவது கைக்குழந்தையோடு பிரயாணம் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் என் காரியத்தை இந்த வாதம் காப்பாற்றாது. கயிற்றுக்காரர் கடிகாரப்படி கிளம்பியிருந்தால் நான் நிரபராதி. அவர் அப்படிச் செய்யவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் நேரப்பட்டியலும் இல்லை, சந்திரனும் இல்லை. ஒரு மனிதர் மற்ற மனிதர்களைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். விதியைச் சொல்லிப் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. இல்லாத ஒரு கூட்டத்தின் பேரால் சொன்னேன்.

இரண்டரை மணி நேரத் தாமதத்தை என்ன செய்வது? ஸ்டேஷனுக்குள் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. வங்காளிகள் 'போடோ கோடி' என்கிறார்கள். இரண்டு பக்கமும் முகமுள்ளது. 1926லிருந்து தொங்குகிறது. ஊரில் யாரைச் சந்திப்பதானாலும் அதன் கீழே வந்து நிற்கச் சொல்வார்கள். அன்று நானும் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன், யாரும் வரச்சொல்லாமலே. வண்டி நேரத்துக்குக் கிளம்பி, கடைசி நிமிஷத்தில் நான் தொற்றி ஏறியிருந்தால், அந்தக் கிழவரை கரக்பூர் வருவதற்குள் மறந்திருப்பேன். என் கத்தலுக்கு அர்த்தம் இருந்திருக்கும். வண்டி தாமதமானதால் கத்தல் அர்த்தமில்லாமல் போயிற்று. அர்த்தமில்லாமல் போனதால் பாவம் ஆயிற்று. செய்த காரியம் ஒன்றேதான். எங்கேயோ ஒரு யார்டில், எதற்காகவோ தாமதமான ஒரு வண்டி என் காரியத்தின் நிறத்தை மாற்றிவிட்டது. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976ல் ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்று விவாதித்ததை நான் பிற்பாடு படித்தேன். படித்ததில் ஆறுதல் கிடைக்கவில்லை. என் மனச்சாட்சி ரயில்வே அறிவிப்பைக் கேட்டு விழித்துக்கொள்கிற ஜாதி என்பது மட்டும் உறுதியாயிற்று. நல்லவனாக இருப்பதற்கு எனக்கு ஒரு வண்டி தாமதமாக வேண்டியிருந்தது.

ஒரு தரம் எழுந்து துறை வரைக்கும் போனேன். ஆரஞ்சு வாங்குகிற மாதிரி நின்றேன். இரண்டு லாஞ்சுகள் வந்தன. கூட்டத்தில் மூட்டையோடு பல பெண்கள், பல கிழவர்கள். அவர்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கையை மட்டுமே பார்த்திருந்தேன்.

*

2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளிக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அது சியால்தாவையும் சேர்த்துக்கொண்டது. ஹௌராவின் மெட்ரோ ஸ்டேஷன் தரைக்கு முப்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஆற்றுக்கு அடியிலான சுரங்கம் சுமார் 520 மீட்டர்; கடக்க முக்கால் நிமிஷம். ஏற்றம் வற்றம் எதுவும் அங்கே எட்டாது. மறுபடி கல்கத்தா போனபோது அதில் போய்ப் பார்த்தேன். சௌகரியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கிழவர் மாதிரி ஒருவர் மின்தூக்கியில் இறங்கி வந்துவிடலாம். கதவு தானாக மூடிக்கொள்கிறது. யாரோ ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். உள்ளே இருந்த எங்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் அனைவரும் சுத்தமான மனசோடு ஆற்றுக்கு அடியில் போனோம்.

திரும்பி வரும்போது லாஞ்சில் வந்தேன். கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஒரு குடும்பம் ஓடி வந்தது. கயிறு பிடித்தவர் வேறு ஆள்; இளைஞர். அவரும் திரும்பிப் பார்த்தார். ஒருவர் கிளம்பச் சொல்லிக் கத்தினார். கத்திவிட்டு ஆதரவுக்கு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு எந்த அவசரமும் இல்லை. நிற்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய ரயில் நிஜமான ரயிலாக இருக்குமோ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அந்தக் குடும்பத்தின் பெரிய பையன் தாவி ஏறிவிட்டான். ஏறியவன் திரும்பிக் கையை நீட்டினான். மற்றவர்கள் ஏறுகிறவரை கயிற்றுக்காரரை அவன் பார்க்கவே இல்லை.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.